நிறம் பார்த்து ஏறு

ஒசாகா
4 மே 1997

லேகாவுக்கு,

சுகம்தானே? நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு வந்த எங்கள் நான்கு பேரில் ஒருவனுக்கு மட்டும் இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே வேலை கொடுக்கிறார்கள். அந்த ஒருவன் நான். ரயில் பெட்டிக் கதவின் ஓரத்தில் ரப்பர் ஒட்டுவதில் என் கை கோணாமல் நிற்கிறதாம். செக்‌ஷன் தலைவர் ஒரு குடையைக் கதவிடுக்கில் விட்டு மூடிப் பார்த்தார். உடனே கதவு திறந்துகொண்டது, குடைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தலையை ஒரு தடவை ஆட்டினார். இந்த நாட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

செப்டம்பரில் பயிற்சி முடிகிறது. ஆகஸ்ட் கடைசிக்குள் நான் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். குடும்பத்தோடு தங்க அதே மோரிகுச்சியில் கொஞ்சம் பெரிய அறை தருவார்கள். ஆகவே நீ வர வேண்டும். போன வருஷம் வந்தது போல மூன்று மாதத்து விருந்தாளியாக அல்ல, குடியிருக்க வர வேண்டும்.

நீ வரும் நாளில் எனக்கு ஷிப்ட் இருந்தால் விமான நிலையத்துக்கு வர முடியாது. அதனால் வழியை இப்போதே எழுதுகிறேன், கவனமாகப் படி. விமான நிலையத்தில் இருந்து நம்பா வரை மேலே ஓடும் ரயில். நம்பாவில் பூமிக்கு அடியில் இறங்கினால் மூன்று பாதைகள். சிவப்பு மிதோசுஜி பாதை, அதில் ஏறாதே. நீலம் யோத்சுபாஷி, அதிலும் ஏறாதே. இளஞ்சிவப்பு செனிச்சிமாயே, அதில் ஏறு. இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கினால் அங்கே ஊதா, தனிமாச்சி பாதை. ஊதா உன்னை நேராக மோரிகுச்சியில் கொண்டு வந்து விடும். எழுத்துப் படிக்கத் தெரிய வேண்டாம். நிறம் பார்த்து ஏறு, நிறம் பார்த்து இறங்கு. சின்னப் பிள்ளைகள் கூட இங்கே தனியாகப் போகிறார்கள்.

வரைபடம் இணைத்திருக்கிறேன். நீ போக வேண்டிய வழியில் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன்.

அனூஜ்


அமரவிளை
19 மே 1997

அன்புள்ளவருக்கு,

உங்களுக்கு வேலை நீடித்ததில் சந்தோஷம். அதை ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன், மீதித் தாள் எனக்கு வேண்டும்.

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் நிறம். உனக்கு வரச் சம்மதமா என்று கேட்க ஒரு வரி இல்லை. நம் நாட்டில் ஒரு பெண் புருஷன் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினால், இறங்குவது பனச்சமூட்டு ஜங்ஷனாக இருந்தாலும், அந்த வீட்டில் இருந்து ஒரு ஆள் வந்து நிற்கும். பேச்சுவார்த்தை இல்லாத வீடானாலும் வந்து நிற்கும், பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடக்கும். கடல் கடந்து வருகிற எனக்கு ஆளாக வந்து நிற்பது இளஞ்சிவப்பும் ஊதாவும். மாறி ஏறுகிற இடத்தின் பேரோ நம்பா. பேர் வைத்தவன் விவரமானவன்.

போன நவம்பரை நீங்கள் மறந்திருக்கலாம். என் கால் இன்னும் மறக்கவில்லை. நம் கல்யாண நாள். "வேலை முடிஞ்சு உமேதாவுல டிக்கெட் வாசல்ல நிப்பேன், நீ ஆறு மணிக்கு வா, இந்தியச் சாப்பாட்டுக் கடைக்குப் போவோம்" என்று சொன்னது நீங்கள். உமேதா என்ற பேரில் மூன்று ஸ்டேஷன் உண்டு என்று சொல்லாததும் நீங்கள். மோரிகுச்சியில் இருந்து ஊதாவில் ஏறினால் அது என்னை எங்கே இறக்கும்? ஹிகாஷி உமேதாவில். நீங்கள் பட்டறையில் இருந்து சிவப்பில் வந்து வெறும் உமேதாவில் நின்றீர்கள். நிஷி உமேதா என்று இன்னொன்றும் உண்டாம். அங்கே போய் நிற்க நல்லவேளை நமக்கு மூன்றாவது ஆள் இல்லை.

பலகையில் உமேதா என்று ஆங்கிலத்தில் கண்டேன், இறங்கினேன். முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஹிகாஷியை நான் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. பாறசாலைக்கு டிக்கெட் எடுத்தவள் ஆசுபத்திரி ஜங்ஷனில் இறங்கினாலும் போஸ்ட் ஆபீஸ் ஜங்ஷனில் இறங்கினாலும் பாறசாலைதான். அப்படிப் பழகிய ஊர்க்காரி நான் என்று உங்களுக்குத் தெரியாதா?

கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு அந்த வாசலில் நின்றேன். ஊரெல்லாம் வேலை முடிந்து என்னைச் சுற்றி ஓடியது. ஒருவர் கூட மோதவில்லை, ஒருவர் கூட முகத்தைப் பார்க்கவும் இல்லை. கூட்டம் வடிந்த பிறகும் நின்றேன். கடைசியில் டிக்கெட் வாசல்காரர் ஒருவர் வந்து கையால் ஜாடை காட்டிக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் அழுகை வந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தால் நீங்கள் சோறும் பருப்பும் தட்டில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். "நீ எங்கயாக்கும் போன?" என்று என்னிடம் கேட்டீர்கள்.

வரைபடத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு வேண்டாம்.

லேகா

ராபின்சனின் பூத்துக்குப் போன் பண்ணாதீர்கள். நாம் பேசி முடிப்பதற்குள் அமரவிளை முழுக்க அதைப் பேசி முடித்துவிடுகிறது.


ஒசாகா
1 ஜூன் 1997

லேகாவுக்கு,

இந்த உமேதாவை நீ சாகும்வரை விடமாட்டாய் என்று தெரிந்துவிட்டது. ஆகவே என் பக்கத்தையும் ஒரு தடவை எழுதி வைக்கிறேன்.

நான் ஆறு மணிக்கு முன்னாலேயே வந்து நின்றேன். உன்னைக் காணவில்லை. திருவிழாக் கூட்டத்தில் வழி தெற்றினால் நின்ற இடத்தில் அனங்காமல் நில் என்று நம் எல்லாரையும் சொல்லித்தானே வளர்த்தார்கள்? நான் நின்றேன். நான் தேடிக் கிளம்பி, அந்த நேரம் பார்த்து நீ வந்துவிட்டால்? ஒருவரை ஒருவர் குறுக்கே கடந்து போய்விடுவோம். பிறகு நீ வீட்டுக்கே போயிருப்பாய் என்று தோன்றியது, போனேன். வீட்டில் நீ இல்லை. உனக்கும் சேர்த்துத்தான் பருப்பு வைத்தேன். அதை மட்டும் நீ எழுதவே மாட்டாய்.

இன்னொன்று. மூன்று உமேதா என்பது இந்த ஊர்க்காரன் செய்த கிறுக்குத்தனம் அல்ல. மூன்று பாதைகள் வேறு வேறு காலத்தில் வந்தவை. ஆனால் மூன்றையும் அடியிலேயே நடைபாதையால் இணைத்திருக்கிறார்கள். ஒன்றில் வெளியே வந்து, கடைத்தெரு வழியாக நடந்து, மற்றொன்றில் உள்ளே போகலாம், அதே டிக்கெட் செல்லும். சிவப்பு உமேதாவில் இருந்து ஊதா உமேதாவுக்கு ஐந்தாறு நிமிஷ நடை. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பார்.

நீ வரும் நாளில் லீவு கேட்டுப் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் நம்பா வரைக்காவது வருவேன். வரைபடம் மறுபடியும் வைத்திருக்கிறேன், தூக்கிப் போடாதே.

அனூஜ்


அமரவிளை
16 ஜூன் 1997

அன்புள்ளவருக்கு,

ஐந்தாறு நிமிஷ நடை. உங்கள் கையெழுத்தில், உங்கள் பேனாவில். நான் அங்கே நின்ற நேரமெல்லாம் நீங்கள் ஐந்தாறு நிமிஷத்துக்கு அப்பால் நின்றிருக்கிறீர்கள், அதை எனக்குப் பெருமையாக எழுதவும் செய்கிறீர்கள். தன் வாயாலேயே கெட்ட தவளைக்குக் கூட இவ்வளவு நேர்த்தி கிடையாது.

அனங்காமல் நில் என்பது வழி தெற்றினவருக்குச் சொன்னது. ஊர் தெரிந்தவர் தேடி வர வேண்டும், அதுவும் அந்தச் சொல்லின் பாதி. நான் நின்றேன், ஏனென்றால் அந்த ஊரில் ஒன்றும் அறியாதவள் நான். நீங்கள் நின்றது எந்தக் கணக்கில்? இரண்டு பேரும் வழி தெற்றினவர்கள் என்றால் தேடி வருவது யார், அந்த டிக்கெட் வாசல்காரரா? பருப்பு வைத்ததற்கு நன்றி.

இனி என் செய்தி. பி.எஸ்.சி.யில் இருந்து சர்க்கார் வேலை வந்துவிட்டது. தமிழ் மீடியம், நாலாம் வகுப்பு வரையுள்ள எல்.பி. பள்ளிக்கூடம், பாறசாலை தாண்டி எல்லைப் பக்கம். ரேங்க் லிஸ்டில் என் பெயர் வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். லிஸ்ட் காலாவதியாகப் போகிறது, அதற்கு முன்னால் ஒரே ஒரு ஒழிவு விழுந்தது, காலியான அந்த இடம் எனக்கு. போன திங்களன்று சேர்ந்து கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் வகுப்பு. ஹெட்மிஸ்டிரஸ் விலாசினி டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் விடவே இல்லை. ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை.

நீங்கள் செப்டம்பரில் பயிற்சி முடித்து வந்துவிடுங்கள். நெய்யாற்றின்கரையில் வாடகைக்கு ஒரு வீடு பார்ப்போம். உங்கள் கைக்கு இங்கேயும் வேலை கிடைக்கும்.

லேகா


ஒசாகா
29 ஜூன் 1997

லேகாவுக்கு,

உனக்கு வேலை கிடைத்ததை, என்னோடு பயிற்சிக்கு வந்து பக்கத்து அறையில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரன் டொமிங்கோவிடம் சொன்னேன். அவன் போய் இரண்டு பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தான். மெய்யாகவே சந்தோஷம். சண்டையை இந்த ஒரு பத்திக்கு ஒத்தி வைக்கிறேன்.

இப்போது வழி இன்னும் எளிதாகிவிட்டது, யோசித்துப் பார்த்தாயா? வேலையில் சேர்ந்தாயிற்று, கையெழுத்துப் போட்டாயிற்று. இனி சம்பளம் இல்லாத லீவு எழுதிக் கொடு. புருஷன் வெளிநாட்டில் இருந்தால் ஐந்து வருஷம் வரைக்கும் கிடைக்கும். புரொபேஷன் முடியாததால் திரும்பி வந்து முதலில் இருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான். வேலை எங்கேயும் போகாது. மஸ்கட்டிலும் துபாயிலும் இருக்கிற நம் ஆட்களின் பெண்டாட்டிமார் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்தான். இது நம் நாட்டு வழக்கம், இதில் ஒரு குற்றமும் இல்லை.

நெய்யாற்றின்கரையில் என் கைக்கு வேலை கிடைக்கும் என்கிறாய். எந்த வேலை? அங்கே ஓடுகிற பஸ்ஸுக்குக் கதவே கிடையாது.

இங்கே ஆகஸ்ட் கடைசியில் ஒரு பாதையைப் புதிதாக நீட்டித் திறக்கிறார்கள். நாகாஹோரி பாதை. பெட்டி சிறிதாக இருக்கும், சுரங்கமும் சிறிது. அந்தப் பெட்டிகளில் சிலவற்றின் கதவுகள் எங்கள் பட்டறையில் செய்தவை. நான் ஒட்டிய ரப்பரும் அதில் உண்டு. திறப்பு நாளில் நீயும் நானும் முனையில் இருந்து முனைவரை போய் வரலாம். அதற்குள் வந்து சேர்.

அனூஜ்


அமரவிளை
14 ஜூலை 1997

அன்புள்ளவருக்கு,

விலாசினி டீச்சர் என் கையை ஏன் விடவில்லை என்று இப்போது விளங்கிவிட்டது. உங்களுக்கும் விளங்க வைக்கப் பார்க்கிறேன். படிக்கும்போது வரைபடத்தைத் தூர வையுங்கள்.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஷியாமளா டீச்சர். சேர்ந்த சூட்டோடு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மஸ்கட்டில் இருக்கும் புருஷனிடம் போனார். லீவு தீர்ந்ததும் நீட்டினார். அதுவும் தீர்ந்து இந்த வருஷம்தான் வேலை வேண்டாம் என்று எழுதி அனுப்பினார். அதுவரை அது ஆள் உள்ள வேலை, ஆனால் ஆள் இல்லை. நாள் கூலிக்கு வந்த ஒருவர் இரண்டு பருவம் நின்றார். பிறகு தமிழ் படித்தவர் ஒருவரும் கிடைக்கவில்லை. பிள்ளைகளை மலையாளம் வகுப்பின் கடைசி பெஞ்சில் கொண்டு உட்கார வைத்தார்கள். குற்றமில்லாத வழக்கம் என்று நீங்கள் எழுதியது இதைத்தான்.

மூன்றாம் வகுப்பில் பதினோரு பேர். "அம்மா" என்று எழுதச் சொன்னேன். நான்கு பேர் மலையாளத்தில் எழுதினார்கள், இரண்டு பேர் ஒரு எழுத்தைத் தமிழிலும் அடுத்ததை மலையாளத்திலும் எழுதினார்கள், மற்றவர்கள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். முட்டாள் பிள்ளைகள் இல்லை. இரண்டு பாஷையும் வாயில் வெண்ணெய் மாதிரி வருகிறது. எழுத்து மட்டும் எதுவும் இல்லை.

இரண்டாவது நாளிலேயே ஜினு என்று ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சரு எப்பமாக்கும் போவும்?" எங்கே என்றேன். "வெளிநாட்டுக்கு." அது வருத்தத்தோடு கேட்கவில்லை. மழை எப்போது விடும் என்று கேட்பது போலக் கேட்டது. நான் போகவில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டேன். இனி மாற்றிச் சொல்ல எனக்கு நாக்கு வளையாது.

உங்கள் அம்மாவுக்கும் இது விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாறசாலையில் இருந்து வந்திருந்தார். "அவன் அங்க தனியா கெடந்து கஞ்சி வச்சுக் குடிக்கானாக்கும். நீ இஞ்ச ஊருப் பிள்ளையளுக்கு அனா ஆவன்னா சொல்லிக் குடுத்துட்டு இருக்க. கெட்டுன பெண்டாட்டிக்கு இதாக்கும் சோலி?" என்றார். விஜயம்மாவும் அவர் பெற்ற மகனும் ஒரே வண்டியில்தான் ஏறுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்குச் சாயா போட்டுக் கொடுத்தேன். பதில் உங்களுக்குச் சொல்கிறேன். நான் வரவில்லை. நீங்கள் வாருங்கள்.

லேகா


ஒசாகா
27 ஜூலை 1997

லேகா,

பதினோரு பிள்ளைகளின் கணக்குச் சொன்னாய். ஒரு புருஷனின் கணக்கு உன்னிடம் இல்லை.

நான் இங்கே விளையாடிக்கொண்டிருக்கவில்லை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒன்பது வருஷம் நெய்யாற்றின்கரையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் வெல்டிங் செய்தவன். முதல் தடவையாக ஒரு இடத்தில் என் வேலையைப் பார்த்து, இவன்தான் வேண்டும் என்கிறார்கள். அதை விட்டுவிட்டு வா என்று நீ ஒரு வரியில் எழுதுகிறாய். வாடகைக்கு வீடு பார்ப்போமாம். நான் திரும்பவும் கிரில் அடிப்பேன், நீ டீச்சர். ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தாயா?

உன் கடிதம் வந்த அன்று வேலை முடிந்து ஊதாவில் ஏறினேன். மோரிகுச்சி வந்தது, இறங்கத் தோன்றவில்லை. அறைக்குப் போய் என்ன செய்ய? கடைசி ஸ்டேஷன் தாய்நிச்சி, எல்லாரும் இறங்கினார்கள். நான் எதிர்ப்பக்கம் போய் அடுத்த வண்டியில் உட்கார்ந்தேன். அது தெற்கு முனைக்குப் போயிற்று, யாவோமினாமி. அங்கேயும் வெளியே போகாமல் திரும்பவும் உட்கார்ந்தேன். ஊர் முழுக்கத் தலைக்கு மேலே இருந்தது, எனக்கு அதில் ஒரு ஆள் கிடையாது. எத்தனை தடவை போய் வந்தேன் என்று எனக்கே தெரியாது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இங்கே வண்டியில் உறங்குகிறவர்கள் அதிகம், நானும் உறங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியாகக் கேட்கிறேன். வருவாயா மாட்டாயா? மாட்டாய் என்றால் எழுத வேண்டாம். பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு சம்மதம் எழுதிக் கொடுத்துவிடுவேன். இரண்டு வருஷம் கழித்துப் பார்ப்போம்.

அனூஜ்


அமரவிளை
25 ஆகஸ்ட் 1997

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. எடுத்ததும் கிழித்துப் போட இருந்தேன். எழுத வேண்டாம் என்று எனக்கு உத்தரவு போட நீங்கள் யார்? நான்கு பதில் எழுதினேன், நான்கும் உங்களைத் திட்டுகிற பதில், நான்கும் நன்றாக வந்திருந்தன. தபாலில் சேர்க்கவில்லை.

என்னைத் தோற்கடித்தது உங்கள் வாதம் இல்லை, அது நன்றாக மனதில் இருக்கட்டும். இறங்காமல் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினீர்களே, அதுதான். போர்டில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன், நீங்கள் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் போய் வருகிறது நினைவுக்கு வரும். போட்ட கணக்குத் தப்பிவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். இப்படி ஒருவரை அங்கே விட்டுவிட்டு இங்கே நான் யாருக்கு என்ன சொல்லிக் கொடுக்க?

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். விலாசினி டீச்சர் வாங்கி இரண்டு தடவை படித்தார். "லேகாவுமா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதிலாக நாலு ஏச்சு ஏசியிருக்கலாம். அப்ளிகேஷன் நெய்யாற்றின்கரை ஆபீசுக்குப் போயாயிற்று. இந்தக் கடிதம் கிடைத்ததும் விசாவுக்கு வேண்டிய தாள்களை அனுப்புங்கள். அக்டோபரில் வருகிறேன்.

பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. போகவில்லை என்று சொன்ன அதே வாயால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் மேலேயே எனக்கு வருகிற எரிச்சலுக்கு அளவில்லை. உங்கள் மேல் வருவது அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

ஜெயித்துவிட்டோம் என்று மட்டும் பதில் எழுதாதீர்கள்.

லேகா


ஒசாகா
30 ஆகஸ்ட் 1997

லேகாவுக்கு,

நீ எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று சொன்னதும் அப்படியே கீழ்ப்படிந்துவிட்டாய். நம் கல்யாணத்தில் நான் சொன்ன ஒன்றை நீ கேட்டது இதுதான் முதல் தடவை. அதற்கு இதுதானா கிடைத்தது?

நேற்று நாகாஹோரியில் புதுப் பாதை திறந்தார்கள். எங்கள் செக்‌ஷனுக்கு அரை நாள் லீவு கொடுத்தார்கள். அவரவர் பெண்டாட்டியும் பிள்ளைகளுமாக வந்தார்கள். தாய்ஷோ வரைக்கும் புத்தம் புது ஸ்டேஷன்கள், பெயின்ட் மணம் போகவில்லை. நான் முதல் பெட்டியில் ஏறினேன். கதவை விரலால் தடவிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கீழ் மூலையை நான் மடக்குகிற விதம் வேறு. என் கை. "இது நான் ஒட்டினதாக்கும்" என்று திரும்பிச் சொன்னேன். தமிழில் சொன்னேன். பக்கத்தில் ஒரு கிழவர் கேமராவோடு நின்றார். அவர் தலை குனிந்து வணங்கினார். நானும் வணங்கினேன். அதோடு முடிந்துவிட்டது.

முனையில் எல்லாரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். செக்‌ஷன் தலைவர் அங்கேயே கேட்டார், நாளையோடு தவணை முடிகிறது, சம்மதம் எங்கே என்று. இல்லை என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. வீட்டில் விஷயமா என்றார். ஆமாம் என்றேன். அவர் குடை வைத்துப் பார்த்த அன்று ஆட்டியதைப் போலவே தலையை ஆட்டினார். இன்று காலையில் அந்த இடத்தை டொமிங்கோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் கை கொஞ்சம் கோணும், பழகிவிடும்.

நான் ஊருக்குத் திரும்புவது நீ சொன்னது சரி என்று நினைத்து அல்ல. கோபம் கொஞ்சமும் தீரவில்லை. கிரில் அடிக்கப் போகிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் அந்தக் கதவைப் பார்த்ததும் சொல்ல வேண்டும் என்று தோன்றிய ஆள் நீ ஒருத்திதான். அந்த ஆள் இங்கே வராது என்றால் இன்னும் இரண்டு வருஷம் நான் கதவு ஒட்டி யாருக்குக் காட்ட? செப்டம்பர் 27-ம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். சனிக்கிழமை.

அனூஜ்


அமரவிளை
10 செப்டம்பர் 1997

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. என் கடிதம் இதற்குள் உங்கள் கையில் இருக்கும், தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். நான் இங்கே அடித்துக்கொண்டேன்.

இப்படியும் இரண்டு ஜென்மங்கள் உண்டா? நான்கு மாதம் ஒருவரும் ஒரு அடி அசையவில்லை. அசைந்தபோது ஒரே வாரத்தில் இரண்டு பேரும் அசைந்திருக்கிறோம். ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா? நானும்தான், ஒரு வாரம் முந்தி அந்தக் கடிதத்தை அனுப்பியிருக்கக் கூடாதா? உங்களுக்குக் கிடைத்த இடத்தை டொமிங்கோவுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று படித்தபோது, விட்டது எனக்காக என்று சந்தோஷப்படுவதா, பாழாய்ப்போனது என்று அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அந்தக் கதவை நான் பார்த்திருக்க வேண்டும். அதில் எனக்கு மெய்யாகவே வருத்தம்.

இன்று காலையில் நெய்யாற்றின்கரைக்குப் போய் லீவு அப்ளிகேஷனைத் திருப்பிக் கேட்டேன். கிளார்க் ஈசாக் சார் கட்டுக்குள் இருந்து தேடி எடுத்தார். "லீவு கேட்டு அழுவியவங்களைக் கண்டிருக்கேன். வேண்டாம்னு வந்து நிக்கியது நீங்களாக்கும் முதல்ல" என்றார். அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம். மத்தியானமாகிவிட்டது.

என் வகுப்பில் ஒருவரும் இல்லை. பையும் இல்லை, குடையும் இல்லை. அடுத்த அறையில் எட்டிப் பார்த்தேன். பதினோரு பேரும் மலையாளம் வகுப்பின் கடைசி பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்களை அங்கே போகச் சொல்லவில்லை. நான் லீவு எழுதிக் கொடுத்தது எப்படியோ காதில் விழுந்திருக்கிறது, இன்று காலையில் டீச்சரைக் காணவில்லை, அவ்வளவுதான். அவர்களாகவே எழுந்து போய்விட்டார்கள். அழவில்லை, விலாசினி டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கூப்பிட்டேன், வந்தார்கள். ஜினு மட்டும் வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, நான் போகவில்லை மக்கா, அவர்தான் இங்கே வருகிறார் என்று சொன்னேன். அது பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "போவல்லன்னு டீச்சரு முந்தியும் சொன்னதுதானே" என்றது. பள்ளி விடும் வரைக்கும் அங்கேயே இருந்தது.

உங்களுக்காக லீவு எழுதினேன் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எனக்காக ஜப்பானை விட்டேன் என்று நீங்களும் சொல்லக் கூடாது. சண்டை வரும், வராமல் இருக்காது. அதில் இந்த இரண்டு வார்த்தையும் வேண்டாம். உங்கள் கைக்கு இங்கே என்ன வேலை என்று எனக்கும் தெரியாது. தெரிந்தது போல எழுதியது தப்பு. வந்த பிறகு சேர்ந்து தேடுவோம். எனக்கு உங்களைக் காண வேண்டும், அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு எழுதவில்லை என்று சொல்லாதீர்கள்.

சனிக்கிழமை விமான நிலையத்துக்கு நான் வருவேன். ஞாயிறு உங்கள் அம்மாவுக்கு. திங்கட்கிழமை காலையில் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். அந்தப் பிள்ளையின் முன்னால் வந்து நின்று, நான் வந்துவிட்டேன், டீச்சர் போகமாட்டாள் என்று நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொன்னால் இனி அது நம்பாது.

லேகா